‘ஸ்டைல்’ என்ற சொல்லும் நம்மிடம் உள்ள ஒயிலும்

திருகோணமலை உப்புவெளியில் அக்கா வீட்டு நிலைக்கண்ணாடிக்கு முன்னால் என் மருமகள் நிற்கிறாள். பதின்மூன்று வயது. தகப்பனின் நீலச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, கையை முழங்கை வரை மடித்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியை விரலில் சுழற்றி மூக்கில் ஏற்றப் பழகுகிறாள். நாலு தரம் விழுந்தது. ஐந்தாம் தரம் சரியாக ஏறியது. வாசலில் இருந்த அம்மம்மா, “பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன ஸ்டைல் வேண்டிக்கிடக்கு?” என்றார். போன கிழமை தம்பிக்காரன் இதே கண்ணாடியைச் சுழற்றியபோது, “பொடியன் நல்ல ஸ்டைல்” என்று சிரித்தவரும் அவர்தான். பிள்ளை கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் கேட்டாள்: “மாமா, ஸ்டைலுக்குத் தமிழ் என்ன?”

முதலில் சொல்லின் ஊர். லத்தீனில் ‘ஸ்டிலுஸ்’ என்றால் மெழுகு பூசிய பலகையில் எழுதும் கூரான கோல். நம் எழுத்தாணிக்கு உறவு. எழுதுகோலின் பெயர் எழுதும் விதத்துக்கு ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அப்புறம் உடுப்பு, தலைமயிர், நிற்கும் விதம் எல்லாவற்றுக்கும் பரவியது. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘ஐ’ இருக்கவேண்டிய இடத்தில் ‘வை’ இருப்பதற்கு, தூணைக் குறிக்கும் ஒரு கிரேக்கச் சொல்லோடு அதைக் குழப்பிக்கொண்டதுதான் காரணம்.

தமிழ் இதே வழியை எதிர்ப்பக்கமாக நடந்திருக்கிறது. நாம் ‘நடை’ என்கிறோம். காலால் நடப்பதுதான் முதற்பொருள். அது எழுத்துக்கு ஏறி ‘உரைநடை’, ‘எளிய நடை’ என்று ஆனது. அவர்களுக்கு எழுத்திலிருந்து உடம்புக்கு, நமக்கு உடம்பிலிருந்து எழுத்துக்கு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

நம் வாயில் ‘ஸ்டைல்’ ஊறியது சினிமாவால். 1975இல் ‘அபூர்வ ராகங்க’ளில் ஒரு படலையைத் தள்ளித் திறந்துகொண்டு வந்த ரஜினிகாந்துக்குப் பிறகு, அந்தச் சொல் ஏறக்குறைய அவருடையதாகிவிட்டது. சிகரெட்டைத் தூக்கிப் போடுவது, தலைமயிரைக் கோதுவது, துண்டை வீசுவது எல்லாம் ஸ்டைல். ஆனால் 1999இல் வந்த ‘படையப்பா’வை எடுத்துப் பாருங்கள். ரம்யா கிருஷ்ணன் நடித்த நீலாம்பரியின் உட்காரும் விதத்திலும் பார்வையிலும் நாயகனுக்குக் குறையாத தோரணை இருக்கிறது. படம் அதற்குக் கொடுக்கும் பெயர் திமிர். அவன் துண்டால் ஊஞ்சலை இழுத்து இறக்கி அமர்ந்தால் விசில் பறக்கிறது. பெண் எப்படி இருக்கவேண்டும் என்று அவளுக்குப் பாடமும் எடுக்கிறான். அம்மம்மாவின் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்குகிறது.

அதே இயக்குநர் கே. எஸ். ரவிக்குமார் மூன்று வருடம் முன்னால் எடுத்த ‘அவ்வை சண்முகி’யில் கமல்ஹாசன் மடிசார் கட்டிய மாமியாக வருகிறார். ஆணின் ஸ்டைல் பிறப்போடு வருவதில்லை, அதுவும் பழகிக்கொண்ட வேடம்தான் என்பது அங்கே கண்ணுக்குத் தெரியும். மேடையில் ஔவையாராகவே நடித்து ‘அவ்வை சண்முகம்’ என்று பெயர் பெற்ற டி. கே. சண்முகத்தின் நினைவும் அந்தத் தலைப்பில் இருக்கிறது. நம் மரபுக்கு இது புதிதும் அல்ல. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடல்களில் ஒன்று, பெண்மைக் கோலம் பூண்டு காமன் ஆடியது.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ஒருவருக்கே உரிய செய்முறை என்ற பொருளில் ‘பாணி’ பொருந்தும். பரதத்தில் பந்தநல்லூர்ப் பாணி, வழுவூர்ப் பாணி என்று சொல்கிறோமே, அது. பழந்தமிழில் இச்சொல்லுக்குப் பாட்டு, தாளம் என்றும் பொருள் உண்டு. ஆனால் திருகோணமலையில் ‘பாணி’ என்றவுடன் நாக்குக்கு நினைவு வருவது மூதூர்த் தயிரும் அதன் மேல் ஊற்றும் இனிப்புப் பாணியும்தான். மருமகளும் அதைத்தான் சொன்னாள்.

‘மிடுக்கு’ நல்ல சொல், ஆனால் ஆண் பக்கம் சாய்ந்துவிட்டது. ‘நளினம்’ பெண் பக்கம் சாய்ந்துவிட்டது. நான் தேர்ந்தெடுப்பது ‘ஒயில்’. அழகோடும் விளையாட்டோடும் உடம்பை அசைப்பது, நிறுத்துவது, திருப்புவது எல்லாம் அதற்குள் அடங்கும். பெண்ணுக்கு உரிய சொல் என்று பலர் நினைக்கிறார்கள். ஒயிலாட்டத்தை நினைத்துப் பாருங்கள்: கையில் வண்ணத் துணியை வீசி, வரிசையாக நின்று, முதலில் ஆண்களே ஆடிவந்த ஆட்டம் அது. ஒயிலாக நடந்தான், ஒயிலாகக் கண்ணாடியை மாட்டினாள். இரண்டும் பிழையில்லாத தமிழ்.

எங்கள் பேச்சில் இன்னொரு சொல்லும் இருக்கிறது: வடிவு. ‘வடிவான பொடியன்’, ‘வடிவான பிள்ளை’ என்று இரண்டு பக்கமும் கூசாமல் சொல்வோம். ஸ்டைலுக்கு நேர்ச்சொல் அல்ல, அழகுக்கு உரியது. ஆனாலும் அதை விட்டுவிட மனம் வரவில்லை. ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் கோணமலைக்குப் பாடிய பதிகம் ‘நிரைகழல் அரவம் சிலம்பொலி’ என்றுதான் தொடங்குகிறது. கழல் வீரன் கட்டுவது, சிலம்பு பெண் அணிவது. இரண்டு ஒலியும் சிவனின் ஒரே மேனியிலிருந்து எழுகின்றன. மலைமகளை ஒரு பாகமாகக் கொண்ட அந்த உருவத்தைச் சம்பந்தர் ‘வடிவினர்’ என்கிறார். அம்மம்மா வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோயிலில் முணுமுணுப்பது அந்தப் பாட்டைத்தான். பிள்ளையைக் கூப்பிட்டு, கழல், சிலம்பு என்ற இரண்டு சொல்லுக்கும் பொருள் சொல்லித் தரும்படி அம்மம்மாவிடம் கேட்கச் சொன்னேன்.