லிட்டர் கணக்கில் பால் குடிக்கிற பிள்ளை ஏன் நடக்கவில்லை?

நாலு வயதுப் பையன். அப்பா தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தரையில் இறக்கினால் அலறல். கட்டிலில் கிடத்தினால் தவளை மாதிரி காலை மடக்கி விரித்தபடி அசையாமல் கிடந்தான். எலும்பு டாக்டர், நரம்பு டாக்டர், எம்ஆர்ஐ எல்லாம் முடிந்துதான் என்னிடம் வந்திருந்தார்கள். வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறு கத்திரிக்காய் நிறத்தில் வீங்கிப் பாதிப் பல்லை மூடியிருந்தது.

"என்னம்மா சாப்பிடுவான்?"

"சோறு தொடமாட்டான் டாக்டர். ஆனா பால் ஒரு லிட்டருக்கு மேல குடிச்சிருவான். பிஸ்கட் நனைச்சுக் குடுப்போம்."

"பழம்?"

"சளி பிடிச்சிரும்னு குடுக்கிறதில்ல."

ஸ்கர்வி. வைட்டமின் சி குறைவால் வருகிற நோய். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் கப்பலில் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணமாக்கிக் காட்டிய அதே நோய், தள்ளுவண்டியில் கொய்யா விற்கிற ஊரில். இந்த வருஷம் எனக்கு இது மூன்றாவது. (சக டாக்டர்களுக்கு: எம்ஆர்ஐக்கு முன் முட்டி எக்ஸ்ரேயை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.)

பால் முழு உணவு என்று யார் சொன்னது? கால்சியம் உண்டு, புரதம் உண்டு. வைட்டமின் சி பெயருக்குத்தான். காய்ச்சினால் அதிலும் கொஞ்சம் போய்விடும். கன்றுக்குட்டிக்கு அது குறையே இல்லை, தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்ளும். உங்கள் பிள்ளையின் ஈரலுக்கு அந்த வித்தை தெரியாது. போதாததற்குப் பால் வயிற்றை அடைத்துப் பசியையும் கொன்றுவிடுகிறது. இந்தப் பையனுக்கு ரத்தசோகையும் இருந்தது.

சளி வைரஸால் வருகிறது. கொய்யாவால் வராது, ஆரஞ்சால் வராது, மழைக்காலத்தில் தின்றாலும் வராது. சளி வராமலிருக்க வைட்டமின் சி மாத்திரையைச் சப்பிக்கொண்டே இருக்கும் பெரியவர்களே, அதுவும் வீண்.

இந்த வயதுக்கு வைட்டமின் சி ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம்கூட வேண்டாம். நூறு கிராம் கொய்யாவில் 200 அளவுக்கு இருக்கிறது. பாதிப் பழம் கொடுங்கள், போதும். எலுமிச்சை சாதத்துக்கு அடுப்பை அணைத்த பிறகு சாறு பிழியுங்கள். பாலை ஒன்றரை டம்ளரோடு நிறுத்துங்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் ஒரே வகைச் சாப்பாட்டில் பிடிவாதமாக நிற்பார்கள். அந்தப் பெற்றோரை நான் திட்டமாட்டேன். வைட்டமின் சியை மருந்தாகவே கொடுக்கலாம், தயவுசெய்து வந்து கேளுங்கள்.

இவனுக்கு வைட்டமின் சி ஆரம்பித்த மூன்றாம் நாளே கால்களைத் தொட்டால் அழவில்லை. ஒரு மாதத்தில் நடந்தே உள்ளே வந்தான். கூட வந்த பாட்டி மெதுவாகக் கேட்டார்:

"பாலைக் குறைச்சா தெம்பு போயிராதா டாக்டர்?"