ஏஎஸ்/400 ஏன் இன்னும் ஏஎஸ்/400?

சித்தூரிலிருந்து (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரச் சித்தூர் அல்ல) ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாராம். ஸ்டோர் இருப்பு, பில், சம்பளம் எல்லாமே கறுப்புத் திரையில் பச்சை எழுத்து தெரியும் ஒரு சிஸ்டத்தில்தான். அதை எல்லோரும் ஏஎஸ்/400 என்கிறார்கள். பெட்டியின் மேல் இருப்பதோ ‘ஐபிஎம் பவர்’. ஆவணங்களில் ‘ஐபிஎம் ஐ’. பிறகு ஏன் ஏஎஸ்/400 என்று சீனியர் சேட்டனிடம் கேட்டால், “அது அப்படித்தான் மோளே” என்கிறாராம்.

அந்தச் சிஸ்டத்தின் ஜாதகத்தை வேகமாகப் பார்த்துவிடலாம். 1988 ஜூனில் ஐபிஎம் அதை நிறுவனங்களுக்கான கணினியாக, ஏஎஸ்/400 என்ற பெயரில் வெளியிட்டது. 2000-ல் ஐசீரீஸ், 2006-ல் சிஸ்டம் ஐ. 2008-ல் இயந்திரம் பவர் சிஸ்டம்ஸ் ஆனது, இயங்குதளம் ஐபிஎம் ஐ ஆனது. நடுவில் வந்துபோன இன்னும் சில பெயர்களை விட்டுவிடுகிறேன். ஐபிஎம்முக்கே அலுத்திருக்கும்.

பழக்கதோஷம் என்று சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் 2017 செப்டம்பரில் கூகுள் ‘தேஸ்’ என்ற செயலியை விட்டு, அடுத்த ஆகஸ்டிலேயே ‘கூகுள் பே’ என்று மாற்றியதே, வாளையார் டீக்கடையில் யாராவது இன்று ‘தேஸ் இருக்கா?’ என்று கேட்கிறார்களா? பழக்கம் மட்டும்தான் காரணமென்றால் அந்தப் பெயரும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டுமே.

ஏஎஸ்/400 விஷயத்தில் நடந்தது வேறு. சாதாரணமாக ஒரு புரோகிராமை எழுதினால், அது குறிப்பிட்ட பிராசஸருக்குப் புரியும் கட்டளைகளாக மொழிபெயர்க்கப்படும். வேறு வகைப் பிராசஸருக்கு மாறினால் அது பயன்படாது. மூல நிரலை, அதாவது புரோகிராமர் எழுதிய அசலை, தேடி எடுத்து மறுபடி மொழிபெயர்க்க வேண்டும். 20 வருஷத்துக்கு முன்னால் எழுதியவர் ரிட்டயராகியிருப்பார், மூல நிரல் எந்த டேப்பில் கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டரில் ஃபிராங்க் சோல்டிஸ் முதலான பொறியாளர்கள், இதற்கு முந்தைய சிஸ்டம்/38-லேயே ஒரு வழி செய்துவைத்தார்கள். புரோகிராமை முதலில் நிஜப் பிராசஸருக்காக அல்ல, எங்கும் இல்லாத ஒரு கற்பனை இயந்திரத்துக்கான கட்டளைகளாக மாற்றுவது. அந்த வடிவத்தைப் புரோகிராமுக்குள்ளேயே பத்திரப்படுத்துவது. அதிலிருந்து நிஜப் பிராசஸருக்கான கட்டளைகளை உருவாக்கும் வேலை இயந்திரத்தின் அடித்தளத்துடையது. மாவை ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு, அடுப்பு விறகிலிருந்து கேஸுக்கு மாறினாலும் அதே மாவில் இட்லி வார்ப்பது மாதிரி.

இதன் அழகு 1995-ல் தெரிந்தது. அந்த வருஷம் பழைய 48 பிட் பிராசஸர் போய், முற்றிலும் வேறு வகையான 64 பிட் பவர்பிசி பிராசஸர் வந்தது. பழைய புரோகிராம்களைப் புதிய இயந்திரத்தில் ஏற்றினார்கள். அவை தாமாகவே மறுமொழிபெயர்ப்பாகி ஓடின, மூல நிரல் தேவைப்படவில்லை. டிஸ்கில் இடம் மிச்சம் பண்ண மாவைக் கொட்டிவிட்டவர்கள், அதாவது அந்தக் கற்பனை இயந்திர வடிவத்தை அழித்துவிட்டவர்கள் மட்டும் மாட்டிக்கொண்டார்கள்! எனக்கு இன்றைக்கும் கணினி வரலாற்றில் மிகப் பிடித்த கட்டம் இதுதான்.

உட்கார்ந்து பில் போடுகிறவருக்கு இதில் எது தெரிந்தது? அதே மெனு, அதே ஆப்ஷன் எண், வெளியே வர அதே எஃப்3. அவர் ஏஎஸ்/400 என்று பெயர் வைத்திருந்தது பெட்டிக்கு அல்ல, இந்தத் திரைக்கு. அது மாறவே இல்லை. இன்னொரு வேடிக்கை, அந்தச் சிஸ்டமே பழைய பெயரைத்தான் சொல்கிறது. அதன் பிழைச்செய்திகள் இன்றும் பெரும்பாலும் ‘சிபிஎஃப்’ என்ற எழுத்துகளோடு தொடங்கும். அது சிஸ்டம்/38-ன் இயங்குதளப் பெயரின் சுருக்கம், அதாவது ஏஎஸ்/400-க்கும் முந்தைய காலத்தது. ‘இந்தச் சிபிஎஃப் எண் வந்தால் இப்படிச் செய்’ என்று ஏராளமான புரோகிராம்களில் எழுதி வைத்திருப்பதால் யாரும் அதில் கைவைக்க முடியாது. பாலக்காடு ஜங்ஷனின் ரயில்வே குறியீடு இன்னும் பால்காட்டுக் காலத்துப் பிஜிடிதான், கொல்லத்துக்குக் குயிலோன் காலத்துக் கியூஎல்என், சென்னை சென்ட்ரலுக்கு மெட்ராஸ் காலத்து எம்ஏஎஸ். காரணம் அதேதான்.

சரி, மனிதர்கள் பக்கம். 1986-ல் உளவியல் ஆய்வாளர்களான ஹெர்பர்ட் கிளார்க்கும் டியானா வில்க்ஸ்-கிப்ஸும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இரண்டு பேர், நடுவே ஒரு தடுப்பு, இருவரிடமும் இன்னதென்று சொல்ல முடியாத வடிவங்கள் 12. ஒருவர் வருணிக்க, மற்றவர் அந்த வரிசையில் அடுக்க வேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொரு படத்துக்கும் நீளமான விளக்கம். ஆறாவது சுற்றில் ‘பனிச்சறுக்குக்காரர்’ என்றாலே போதும். 1996-ல் சூசன் பிரென்னனும் கிளார்க்கும் அடுத்த படியைக் காட்டினார்கள். இருவர் பேசிப் பேசி ஒரு பெயருக்கு வந்துவிட்டால், அதைவிட எளிய பெயர் போதுமான இடத்திலும் பழையதையே பிடித்துக்கொள்கிறார்கள். எதிரே புதிய ஆள் வந்தால் பிடி தளர்கிறது.

ஆக, பெயர் என்பது பேசுகிறவர்களுக்கு இடையே உள்ள உடன்படிக்கை. தேஸுக்கு அந்த உடன்படிக்கை ஊறுவதற்குள், புதிய பெயரை மட்டுமே கேட்ட கூட்டம் வந்து குவிந்துவிட்டது. கஞ்சிக்கோட்டு அலுவலகத்திலோ எப்போதாவது ஒருவர்தான் புதிதாகச் சேர்கிறார். அவரும் சேட்டனிடம்தான் தொழில் கற்கிறார். நியூமராலஜி பார்த்து பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்பவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். எட்டு வருஷத்துக்குள் குறைந்தது மூன்று முறை பெயர் மாற்றிய நிறுவனத்தை ‘பிராண்டிங்’ என்று மரியாதையாகச் சொல்கிறோம். எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

கிளார்க்கின் சோதனைக்குத் தேவை ஒரு மேஜையும் சில அட்டைகளும்தான். தமிழும் மலையாளமும் ஒரே கவுண்டரில் புழங்கும் கொழிஞ்சாம்பாறை மாதிரி ஊரில் அதைச் செய்தால், உடன்படிக்கை எந்த மொழியில் நிலைக்கிறது என்று பார்க்கலாம். இவ்வளவு மலிவான ஆராய்ச்சிக்கும் நிதி கேட்டு அலைய வேண்டியிருப்பது எரிச்சலாக இருக்கிறது.

வாசகிக்கு ஒரு உபயோகமான குறிப்பு: இணையத்தில் உதவி தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள். ஐபிஎம்மின் இன்றைய ஆவணங்கள் ‘ஐபிஎம் ஐ’ என்பதில் கிடைக்கும், பழைய கைகள் எழுதிய தீர்வுகள் ‘ஏஎஸ்/400’ என்பதில்தான் கிடைக்கும். பயோடேட்டாவிலும் இரண்டையும் எழுதுங்கள்.