நார்டிக் மாடல்: சொல்லும் பொருளும்

சுவீடிஷ், டேனிஷ், நார்வேஜிய மொழிகளில் 'நார்டன்' என்றால் வடக்கு. டென்மார்க், நார்வே, சுவீடன், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்தும் நார்டிக் நாடுகள். ஸ்காண்டிநேவியா என்ற பெயர் பொதுவாக முதல் மூன்றையே குறிக்கும்.

இந்த நாடுகளின் மக்கள்நல அமைப்பைத்தான் 'நார்டிக் மாடல்' என்கிறார்கள். அந்தப் பெயரில் குழப்பம் 'மாடல்' என்பதில்தான். சிற்றளவு என்று பொருள்படும் 'மொடுலுஸ்' என்ற லத்தீன் சொல் இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் இரண்டு பொருள் பெற்றது: ஒன்றின் அமைப்பைக் காட்டும் வடிவம், பார்த்துப் பின்பற்றத்தக்கது. ஆய்வாளர் முதல் பொருளில் எழுதுவதை மேடையில் இரண்டாம் பொருளில் முழங்குகிறார்கள். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. விவரிக்கும்போது 'நார்டிக் நல அமைப்புமுறை' என்றும், பின்பற்றச் சொல்லும்போது மட்டும் 'முன்மாதிரி' என்றும் எழுதுவதே சரி.

'வெல்ஃபேர் ஸ்டேட்' என்பதற்கு நலன்புரி அரசு, மக்கள்நல அரசு இரண்டும் பொருந்தும். 'இலவசங்கள் தரும் அரசு' என்பது தவறான விளக்கம். சுவீடனின் பெற்றோர் விடுப்பையே பாருங்கள். ஒரு குழந்தைக்கு 480 நாள். அதில் 390 நாளுக்கான தொகை பெற்றோரின் வருமானத்தைப் பொறுத்தது. மீதி 90 நாளுக்குச் சிறிய நிலையான தொகைதான். முன்பு சம்பாதிக்காதவருக்கு அந்த 390 நாளிலும் அடிப்படைத் தொகையே கிடைக்கும். இது காப்பீடு, வேலையோடு பிணைந்த உரிமை.

சுவீடனில் இந்த நல அமைப்பின் அரசியல் வேர் 'ஃபோல்க்ஹெம்மெட்', அதாவது மக்கள் இல்லம். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் பேர் ஆல்பின் ஹான்சன் 1928இல் நாடாளுமன்றத்தில் முன்வைத்த கருத்து அது. ஆனால் அமைப்பைத் தாங்கும் தூண் 1938இல் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் செய்துகொண்ட சால்ட்ஷோபாடன் ஒப்பந்தம். சுவீடனில் குறைந்தபட்ச ஊதியச் சட்டமே கிடையாது. கூட்டு ஒப்பந்தங்கள்தான் ஊதியத்தை நிர்ணயிக்கின்றன. சங்கங்கள் பலமில்லாத நாட்டில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இல்லாத இந்த ஏற்பாட்டை மட்டும் பெயர்த்து நட்டால் கடைநிலைத் தொழிலாளிக்கு எந்தப் பாதுகாப்பும் மிஞ்சாது.

செலவைப் பணக்காரர்கள் மட்டும் ஏற்பதாக நினைப்பதும் பிழை. டென்மார்க், சுவீடன், நார்வே மூன்றிலும் மதிப்புக்கூட்டு வரியின் பொது விகிதம் 25 சதவீதம். அது எல்லோர் பையிலிருந்தும் போகிறது. சுவீடன் வாரிசு வரியை 2004இலும் செல்வ வரியை (ஒருவரின் மொத்தச் செல்வத்தின் மீதான வரி) 2007இலும் நீக்கிவிட்டது. தங்கள் நாடு சோசலிசத் திட்டப் பொருளாதாரம் அல்ல, சந்தைப் பொருளாதாரம் என்று டென்மார்க்கின் அப்போதைய பிரதமர் லார்ஸ் லொக்கே ராஸ்முசென் 2015இல் விளக்க நேர்ந்தது.

புகழுரைகள் தொடாத பக்கமும் உண்டு. மக்கள் இல்லம் பேசிய அதே சுவீடனில், 1930களின் நடுப்பகுதி முதல் 1970களின் நடுப்பகுதி வரை சுமார் 63,000 பேருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. பெரும்பாலோர் பெண்கள், பலருடைய சம்மதம் நெருக்கடி கொடுத்து வாங்கப்பட்டது.

'நார்டிக் மாடல்' என்ற சொல்லைப் பயன்படுத்தும்போது ஆண்டையும் குறிப்பிடுவது அவசியம். 1992இல் நாணய நெருக்கடி முற்றியபோது சுவீடனின் மத்திய வங்கி ஒரு வட்டி விகிதத்தை 500 சதவீதமாக உயர்த்தியது. அந்தப் பத்தாண்டில் ஓய்வூதிய முறை மாற்றி அமைக்கப்பட்டது. தனியார் நடத்தும் பள்ளிகளுக்குப் பொதுப்பணம் வந்தது. 1970களின் சுவீடனை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய சுவீடனை உதாரணம் காட்டுபவர், இப்போது எங்கும் இல்லாத ஒரு நாட்டைப் பற்றிப் பேசுகிறார்.