"மெள்ளமாத்தான் போன நான், டொக்டர்"

இந்த மாதத்தில் இது மூன்றாவது மெசின் விபத்து. 16 வயதுப் பையன். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அவர்களுடைய வட்டைக்கு (வயல்வெளிக்கு) போகும் கிறவல் பாதையை மாரி வெள்ளம் அரித்துவிட்டது. அறுவடைக்கு வெட்டு மெசின் உள்ளே வரவேண்டும், நெல் மூட்டை வெளியே போகவேண்டும். ஆகவே விவசாயிகளே சேர்ந்து, மெசினில் (உழவு இயந்திரத்தில்) கொழுவி இழுக்கும் பெட்டியில் கிறவல் ஏற்றிவந்து பள்ளங்களை நிரப்பியிருக்கிறார்கள். அப்பா மெசின் ஓட்டுகிறார், மகன் பெரிய சில்லின் மேலிருக்கும் மட்காட்டில் இருக்கிறான். வாய்க்கால் பக்கத்து ஓரம் ஒரு சாண் இறங்கியிருக்கிறது. பெட்டி சரிந்து, மெசினையும் சேர்த்து இழுத்திருக்கிறது. பையன் சேற்றில் அமுங்கியதால் உயிர் தப்பினான். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது, சிறுநீர்க் குழாயும் கிழிந்திருக்கிறது.

விபத்துப் பிரிவு வாசலில் அப்பா நின்றார். சாறம் முழுக்கச் சேறு. "மெள்ளமாத்தான் போன நான் டொக்டர், மறுகா எப்பிடிச் சரிஞ்சதெண்டே தெரியல்ல" என்றார்.

இந்த வசனத்தை நான் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டேன். முதல் இரண்டு பேரின் வீட்டாரும் இதையேதான் சொன்னார்கள். வயலுக்குள் ஓடும் மெசினுக்கும், கைப்பிடி பிடித்து ஓட்டும் இரண்டு சில்லு லாண்ட்மாஸ்டருக்கும் யாருமே பயப்படுவதில்லை, ஏனென்றால் அவை மெதுவாகப் போகின்றன. மோட்டார் சைக்கிளில் ஏறும்போது ஹெல்மட் தேடுகிற அதே மனிதர், மெசினில் ஏறும்போது மூன்று வயதுப் பேரனையும் மடியில் வைத்துக்கொள்கிறார்.

பிரச்சினை வேகமில்லை, பாரம். ஒரு கியூப் கிறவல் என்றால் 100 கன அடி. அதன் நிறை நான்கு தொன்னுக்கு மேல் வரும், ஈரமாக இருந்தால் இன்னும் கூடும். அதை இழுக்கிற சாதாரண மெசினின் நிறை ஏறக்குறைய இரண்டு தொன். அதாவது, இழுக்கிறதைவிட இழுபடுவது இரண்டு மடங்கு பாரம். காய்ந்த, மட்டமான வீதியில் உங்கள் பேச்சைப் பெட்டி கேட்கும். சரிவிலோ ஈர ஓரத்திலோ, எங்கே போவது என்பதைப் பெட்டிதான் தீர்மானிக்கும். அங்கே நீங்கள் மணிக்கு 5 கிலோமீற்றரில் போனாலும் ஒன்றுதான், 15 இல் போனாலும் ஒன்றுதான். ஓரம் உடைந்தால் உடைந்ததுதான்.

"மெதுவாகத்தானே போகிறது, சரிந்தால் குதித்துவிடலாம்" என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். குதித்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். மெசின் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கம்தான் உடம்பும் எறிபடுகிறது, அந்தப் பக்கம்தான் குதிக்கவும் முடிகிறது. பிறகு மெசின் வந்து மேலே விழுகிறது. மோட்டார் சைக்கிள் ஆளைத் தூக்கி எறிந்துவிட்டுப் போய்விடும். மெசின் ஆளின் மேல் ஏறி நிற்கும், எடுக்க பத்துப் பேர் வேண்டும். நெஞ்சின் மேல் ஒரு தொன் பாரம் நிற்கும்போது அது மெதுவாக ஏறியதா வேகமாக ஏறியதா என்று நுரையீரல் பார்ப்பதில்லை.

சரி, பாதை திருத்தும் வேலைக்கு வருவோம். செய்யவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாதை இல்லாவிட்டால் உங்கள் நெல் வட்டைக்குள்ளேயே கிடக்கும், அது எனக்குத் தெரியும். நானும் வயல்காரர் வீட்டுப் பிள்ளைதான்.

மாரி முடிந்த கையோடு பாதையின் நடு காய்ந்து கெட்டியாகத் தெரியும். ஓரம் அப்படியில்லை. வாய்க்கால் தண்ணீர் அடியில் மண்ணைத் தின்றிருக்கும், மேலே புல் மட்டும் மூடி நிற்கும். மெசின் ஏறுமுன் மண்வெட்டியோடு ஒருவர் நடந்து பாருங்கள். குத்திப் பாருங்கள், உள்ளே பொத்தல் இருந்தால் கை சொல்லும். நல்ல மண் முடிகிற இடமெல்லாம் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுங்கள். வாய்க்கால் எவ்வளவு ஆழமோ, ஓரத்திலிருந்து குறைந்தது அவ்வளவு தூரம் உள்ளே சில்லு நிற்கவேண்டும். நாலடி ஆழமென்றால் நாலடி உள்ளே. அதற்குப் பாதை அகலம் போதாது என்றால் அந்த இடத்துக்கு ஒரு கியூப் ஏற்றிய பெட்டி போகக்கூடாது. தள்ளி நின்று கொட்டி, கூடையிலோ கைவண்டியிலோ கொண்டுபோகவேண்டும். இடுப்பு நோகும்தான். இடுப்பு நோவுக்கு என்னிடம் மருந்து இருக்கிறது.

ஒரு விஷயம் என் தொழில் இல்லை, ஆனாலும் சொல்கிறேன். தண்ணீர் நிற்கும் பள்ளத்தில் அப்படியே கிறவலைக் கொட்டினால் அடுத்த மழைக்கு அதே பள்ளம் திரும்ப வரும். முதலில் தண்ணீர் வெளியேறப் பக்கத்தில் கான் (வடிகால்) வெட்டுங்கள், பிறகு அரை அடி அரை அடியாகக் கொட்டி மிதித்து இறுக்குங்கள். பாதை ஒழுங்காக நின்றால் வருடத்துக்கு மூன்று தரம் ஓரத்தில் மெசின் ஏற்றவேண்டிய தேவையும் குறையும்.

இப்போது மட்காட். அந்தப் பையனுடைய அப்பா, மகன் இருப்பதற்கென்றே மட்காட்டில் சாக்கு மடித்துக் கட்டியிருந்தாராம். பாசத்தோடு செய்ததுதான், அதனால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது. மெசினுக்கு இருக்கை ஒன்றுதான், ஆகவே ஆளும் ஒருவர்தான். மட்காட்டில் இருக்கும் பிள்ளை முன்பக்கம் வழுக்கினால் பெரிய சில்லுக்கு முன்னால் விழும், பின்பக்கம் வழுக்கினால் பெட்டிச் சில்லுக்கு முன்னால் விழும். ஒரு குழியில் சில்லு விழுகிற குலுக்கல் அதற்குப் போதும். கொழுக்கியில் கால் வைத்து, மெசினுக்கும் பெட்டிக்கும் இடையில் நின்று போவது இதைவிட மோசம். கிறவல் மேல் ஏறி இருப்பதும் வேண்டாம். வேலைக்கு ஆட்கள் தேவையென்றால் அவர்கள் நடந்து வரட்டும், மெசின்தான் மெதுவாகப் போகிறதே!

லாண்ட்மாஸ்டர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். உங்களிடம் ஒரு கேள்வி. குளக்கட்டிலிருந்து பெட்டியோடு இறங்கும்போது வலது பக்கம் கிறுகவேண்டும், எந்தக் கைப்பிடிக் கிளச்சைப் பிடிப்பீர்கள்? "வலதை" என்று சொன்னால் நீங்கள் இடது பக்கம் போய் விழுவீர்கள். மட்டமான நிலத்தில் வலதுபக்கக் கிளச்சைப் பிடித்தால் வலது சில்லுக்கு இயந்திரத்தின் தள்ளல் நின்றுவிடும், இடது சில்லு மட்டும் தள்ளும், வண்டி வலது பக்கம் கிறுகும். இறக்கத்தில் கதை மாறுகிறது. அங்கே பின்னாலிருக்கும் பாரம்தான் தள்ளுகிறது, இயந்திரம் பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் வலதை விட்டதும் அந்தச் சில்லு சுதந்திரமாக உருண்டு முந்தும், இடது சில்லு பிடிபட்டு நிற்கும், வண்டி இடது பக்கம் திரும்பும். நீங்கள் பதறி இன்னும் இறுக்கிப் பிடிப்பீர்கள், அது இன்னும் திரும்பும். வருடக்கணக்காக லாண்ட்மாஸ்டர் ஓட்டியவர்கள்கூட இப்படி விழுந்து வந்திருக்கிறார்கள். "என்னவோ பிடிச்சு இழுத்த மாதிரி இருந்திச்சு" என்று சொன்னவர்கள் உண்டு. எதுவும் பிடித்து இழுக்கவில்லை. இறக்கம் தொடங்குமுன்பே சிறிய கியருக்கு வாருங்கள், இயந்திர வேகத்தைக் குறையுங்கள். திருப்புவதைக் கைப்பிடியைத் தள்ளிச் செய்யுங்கள், பக்கக் கிளச்சைத் தொடவே வேண்டாம். நியூட்ரலில் விட்டு உருட்டுவதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. பெட்டி பிறேக் வேலை செய்கிறதா என்று வீட்டு முற்றத்திலேயே பாருங்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தில் இதற்கென்று ஜீ1 என ஒரு தனி வகுப்பே இருக்கிறது. மோட்டார் சைக்கிள் அனுமதிப்பத்திரத்தோடு ஓட்டக்கூடிய சாமான் இல்லை இது.

சேற்றில் புதைந்த நாலு சில்லு மெசினை எடுக்கும் கதைக்கு வருகிறேன். பெரிய சில்லு இரண்டும் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டிவிட்டது. யாரோ ஒரு மரக்குற்றியைச் சில்லுக்கு முன்னால் போடு, அல்லது சங்கிலியால் சில்லோடு கட்டு என்கிறார். தயவுசெய்து கட்டாதீர்கள். சில்லு சுற்ற முடியாமல் நின்றால் இயந்திரத்தின் பலம் எங்காவது போகத்தானே வேண்டும்? அது மெசினின் மூக்கைத் தூக்கும். முன்பக்கம் கிளம்பிப் பின்பக்கமாகப் புரள ஒன்று, ஒன்றரை நொடி போதும். கிளச்சை மிதிக்கவேண்டும் என்று மூளை நினைக்கிற நேரமே அவ்வளவுதான். புதைந்தால் முதலில் பின்பக்கமாக எடுக்கப் பாருங்கள். வராவிட்டால் மண்ணை வெட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் இன்னொரு மெசினைக் கொண்டுவந்து முன்னாலிருந்து, தாழ்வான இடத்தில் கொழுவி இழுங்கள். சங்கிலி அறுந்தால் அது யாருடைய முகத்தில் அடிக்கும் என்று பார்த்து, எல்லோரும் தூரப் போங்கள். புது மெசின்களில் இருக்கைக்குப் பின்னால் ஒரு பாதுகாப்பு வளைவு வருகிறது. மரக்கிளை தட்டுகிறதென்று அதைக் கழற்றி மாட்டுக்கொட்டிலில் போட்டு வைத்திருப்பவர்களை நான் அறிவேன். திரும்பப் பூட்டுங்கள், பெல்ட்டும் போடுங்கள். வளைவு இல்லாத பழைய மெசினில் மட்டும் பெல்ட் போடக்கூடாது.

வெள்ளம் பாயும் வீதியைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் வரவில்லை. 2024 நவம்பரில் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் மதரசாப் பிள்ளைகளை ஏற்றிவந்த பெட்டி வெள்ளத்தில் அடிபட்டுப் போனது. அம்பாறைக் கரையோரத்தில் அதை மறந்தவர் யாருமில்லை. ஆனாலும் அடுத்த மாரிக்கு "மெசின் உயரம்தானே, போகும்" என்கிறார்கள். பாய்கிற தண்ணீருக்குள் மெசினைக் கொண்டுபோகாதீர்கள், அதிலும் பெட்டியில் ஆட்களோடு ஒருபோதும் வேண்டாம். காத்திருங்கள், அல்லது திரும்பிப் போங்கள்.

சாறம் கட்டிக்கொண்டு, ஓடுகிற மெசினின் பின்பக்கத்தில், மற்றக் கருவிகளைச் சுற்றவைக்கும் தண்டுக்குப் பக்கத்தில் போகவேண்டாம். அது நிமிடத்துக்கு 540 தரம் சுற்றுகிறது, அதாவது நொடிக்கு ஒன்பது. ஒரு முழுச் சாறமும் அதில் சுற்றிக்கொள்ள ஒரு நொடி எடுக்கும், பிறகு சாறத்துக்குள் இருப்பவர். லாண்ட்மாஸ்டர் பெல்ட் வழுக்குகிறதென்று ஓடவிட்டுக்கொண்டே கையால் தொட்டுப் பார்ப்பவர்களின் விரல்களை நான் எத்தனையோ தரம் தைத்திருக்கிறேன், தைக்க முடியாமல் எடுத்தும் இருக்கிறேன். நிறுத்திவிட்டுத் தொடுங்கள்.

அறுவடை நாட்களில் இரவில் செங்கலடி–பதுளை வீதியிலும் மற்ற வீதிகளிலும் பின்விளக்கில்லாத பெட்டிகள் போகின்றன. பின்னால் வந்து மோதுகிற மோட்டார் சைக்கிள்காரர்களும் என்னிடம்தான் வருகிறார்கள், வராமல் நேரே பிரேத அறைக்குப் போகிறவர்களும் உண்டு. பெட்டியின் பின்பலகையில் சிவப்பாக மின்னும் ஸ்டிக்கர் இரண்டு ஒட்டினால் கொஞ்சமாவது தெரியும்.

இவ்வளவும் சொல்லியும் ஒன்று நடந்துவிட்டால், முதலில் இயந்திரத்தை நிறுத்துங்கள். ஆள் அடியில் இருக்கும்போது மெசினை ஸ்டார்ட் செய்து பின்னால் எடுக்கவே கூடாது. இரண்டாம் தரம் ஏறியதால்தான் செத்தார் என்று சொல்லவேண்டிய நிலை எனக்கு வந்திருக்கிறது. ஜக் வைத்து அல்லது ஆட்கள் சேர்ந்து தூக்கி, கட்டை அடுக்கி, பிறகு ஆளை எடுங்கள். எத்தனை மணிக்கு அகப்பட்டார் என்பதைக் குறித்து வைத்து எங்களிடம் சொல்லுங்கள், கால் நீண்ட நேரம் நசிந்திருந்தால் அது எங்களுக்கு மிகவும் முக்கியம். இடுப்பில் அடிபட்டவரைக் கையையும் காலையும் பிடித்துத் தொங்கவிட்டுத் தூக்காதீர்கள். கதவுப் பலகையோ ஏணியோ கொண்டுவந்து அதில் படுக்கவையுங்கள்.

1990 க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். வட்டைக்குள் இடம் சொல்வது கஷ்டம் என்பதால் ஒருவர் மோட்டார் சைக்கிளில் சந்திக்கு வந்து, கோயிலடியிலோ பள்ளிவாசலடியிலோ நின்று அவர்களைக் கூட்டிப்போங்கள். மண்முனைத் துறையில், வாவியைக் கடக்கும் மிதவைப் பாதைக்காகக் காத்திருந்த காலம் 2014 இல் பாலம் திறந்ததோடு போய்விட்டது. கொக்கட்டிச்சோலைப் பக்கத்தவர்களுக்கு இப்போது நேரம் பெரிய எதிரி இல்லை. வீட்டில் வைத்துப் பார்ப்போம் என்று தாமதிப்பதுதான் எதிரி.

இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், பிடித்த கையை எடுத்து எடுத்துப் பார்க்கவேண்டாம். கோப்பித்தூள் போடாதீர்கள். அதைக் கழுவி எடுப்பதற்கே எங்களுக்கு அரை மணித்தியாலம் போகிறது, நோயாளிக்கு அந்த நோவு மேலதிகம். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுவாருங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது. வயல் சேறு பட்ட காயம் சின்னதாக இருந்தாலும் ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போடவேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், வயலில் நின்றதைச் சொல்லி வைத்தியரிடம் காட்டுங்கள்.

பையன் இப்போது கட்டிலில் எழுந்து இருக்கிறான், நடக்க மாதங்கள் ஆகும். நேற்று அவனுடைய அப்பாவிடம் பேசினேன். மிச்சப் பாதை இன்னும் நிரப்பவில்லையாம், வருகிற சனிக்கிழமை திரும்பத் தொடங்குகிறார்களாம். இதை அச்செடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறேன். மெசின் ஏற்றுமுன் எல்லோரையும் கூட்டிவைத்து வாசிப்பதாக, வட்டையை மேற்பார்க்கும் வட்டவிதானையார் தொலைபேசியில் சொன்னார். கம்பும் சிவப்புத் துணியும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.