மேல்பல் மட்டும் ஏன் சொத்தையாகிறது?

ஒன்றரை வயதுப் பையனுக்கு மேல் முன்பல் நாலும் அரித்துப்போய்விட்டன, கீழ்ப்பல்லில் ஒரு புள்ளிகூட இல்லை, அது எப்படி என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். ராத்திரி பால் புட்டி வாயில் இருந்தால்தான் தூங்குவானாம். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பள்ளியில் படித்ததுதான்: வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடும், பிஎச் (அமிலம் கூடக் கூட இறங்கும் அளவு) சுமார் 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேலோடான எனாமல் கரையும். பால் பல்லின் எனாமல் மெல்லிசு, சீக்கிரம் ஓட்டை விழும். பாடத்தில் இரண்டு வரியோடு விட்டுவிடுவது எச்சிலைத்தான். அதிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை முறிக்கும், கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்த இடத்திலேயே திரும்பப் படியும், ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு இந்த ரிப்பேர் நம்மைக் கேட்காமலே நடக்கிறது.

ஆனால் எச்சில் வாய் முழுக்க ஒரே மாதிரி பாய்வதில்லை. கண்ணாடி முன்னால் நாக்கைத் தூக்கிப் பாருங்கள், கீழ் முன்பல்லுக்குப் பின்னால் நடுவில் இரண்டு குட்டி மேடுகள் தெரியும், தாடைக்கு அடியிலுள்ள சுரப்பிகள் அங்கேதான் திறக்கின்றன, அப்படியே புளியங்காயை நினைத்தால் ஊறுவதையும் பார்க்கலாம். இன்னொரு ஜோடிக் குழாய் கன்னத்தின் உள்பக்கம், மேல் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே. மேல் முன்பற்கள் இந்த இரண்டு இடத்துக்குமே தூரம், அங்கே எச்சில் மெல்லிய படலமாக ஊர்ந்துதான் வரும். போதாக்குறைக்கு, புட்டி சப்பும்போது நாக்கு நீண்டு கீழ்ப்பல்லை மூடிக்கொள்ளும், பால் மேல்பல்லைச் சுற்றித் தேங்கும். தூங்கிவிட்டாலோ எச்சில் ஏறக்குறைய நின்றேபோகும், விழுங்குவதும் குறையும். அப்புறம் ராத்திரி முழுக்க பாக்டீரியாவின் ராஜ்ஜியம்தான்! அந்தப் பாலில் சர்க்கரையும் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இதற்குப் போய் 'பல்லில் பூச்சி' என்று கண்டங்கத்திரி விதையைப் புகைத்துக் காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பியர் ஃபோஷார் என்ற பிரெஞ்சுப் பல் மருத்துவர் நுண்ணோக்கி வைத்துத் தேடியும் புழு கிடைக்கவில்லை என்று 1728-லேயே எழுதிவிட்டார்.

சரி, என்ன செய்யலாம்? ஒரு வயதை ஒட்டிப் புட்டியை நிறுத்தி டம்ளருக்கு மாற்றுங்கள், அதுவரை தூக்கத்தில் புட்டி வேண்டுமென்றால் வெறும் தண்ணீர். முதல் பல் எட்டிப் பார்த்ததுமே 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) ஃபுளூரைடு பேஸ்ட், மூன்று வயதுவரை ஓர் அரிசி அளவு, பிறகு பட்டாணி அளவு. ஃபுளூரைடு சேர்ந்த எனாமல் பிஎச் 4.5 வரை தாக்குப்பிடிக்கும். பொம்மை படமும் ஸ்ட்ராபெர்ரி வாசனையும் போட்டு ஃபுளூரைடே இல்லாத பேஸ்டைக் குழந்தைகளுக்கென்று விற்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, வாங்கும்போது டியூபின் பின்பக்கத்தைப் படியுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரிலேயே ஃபுளூரைடு அதிகம், அங்கே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

மாதம் ஒருமுறை பிள்ளையின் மேலுதட்டைத் தூக்கி ஈறு ஓரத்தைப் பாருங்கள். சுண்ணாம்புக் கோடு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் கரைய ஆரம்பித்திருக்கலாம், உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள், அந்தக் கட்டத்தில் ஃபுளூரைடு வார்னிஷ் தடவியே பெரும்பாலும் நிறுத்திவிடலாம். பழுப்பாகிக் குழி விழுந்துவிட்டால் தானாக மூடாது.