பத்துப் போட்டி, ஒரே உடம்பு, நடுவே பரீட்சை

ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று பத்துப் போட்டிகளை ஒருவரே இரண்டு நாளில் முடித்து, புள்ளிகளைக் கூட்டிப் பார்ப்பதுதான் டெகாத்லான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அதன் தங்கத்துக்காக மோதிய இருவரும் நண்பர்கள். ஒருவர் அமெரிக்காவின் ரேஃபர் ஜான்சன், இன்னொருவர் தைவானின் சி.கே. யாங். இருவரும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் படித்தவர்கள், பயிற்சியாளரும் ஒருவரே. ஜான்சன் அங்கே மாணவர் சங்கத் தலைவராகவும் இருந்தவர். இப்படி விளையாட்டையும் படிப்பையும் சேர்த்துச் சுமக்கும் மாணவர்கள் இரண்டிலும் எப்படி முன்னே நிற்கிறார்கள் என்பதுதான் இங்கே கேள்வி. ரோமில் பத்துப் போட்டிகளில் ஏழில் யாங்தான் முந்தினார். ஆனால் தங்கம் ஜான்சனுக்குப் போனது, 58 புள்ளி வித்தியாசத்தில்.

இது எப்படி என்று புரிய, டெகாத்லானின் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கே யார் முந்தினார் என்பதற்கு மதிப்பே கிடையாது, எவ்வளவு என்பதற்குத்தான். குண்டு, வட்டு, ஈட்டி ஆகிய மூன்று எறிதல்களிலும் ஜான்சன் அள்ளிய புள்ளிகள், மற்ற ஏழிலும் அவர் கொஞ்சம் கொஞ்சமாக இழந்ததை ஈடுகட்டிவிட்டன.

இன்று நடப்பில் இருக்கும் அட்டவணையில் ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு சூத்திரம் உண்டு. 100 மீட்டரை எடுத்துக்கொள்வோம். 18 விநாடியில் ஓடினால் பூஜ்யம். உங்கள் நேரத்தை 18-லிருந்து கழித்து, வரும் எண்ணை 1.81 அடுக்குக்கு உயர்த்தி, 25.4347-ஆல் பெருக்க வேண்டும். 12 விநாடிக்கு 651 புள்ளி, 11 விநாடிக்கு 861. அடுக்கு ஒன்றைவிடப் பெரியது என்பதால், வேகம் கூடக் கூட ஒவ்வொரு பத்தில் ஒரு விநாடியின் விலையும் ஏறுகிறது. 12-லிருந்து 11.9-க்கு வந்தால் 20 புள்ளி கூடும், 10.5-லிருந்து 10.4-க்கு வந்தால் 24. மேல்மட்டத்தில் முன்னேறுவது கடினம், அதற்குக் கூலியும் கொஞ்சம் அதிகம். குண்டு எறிதலில் அடுக்கு வெறும் 1.05. அதனால் அங்கே வரைபடம் கிட்டத்தட்ட நேர்கோடு.

இனி உடம்புக்கு வருவோம். தசைகளில் வேகமாகச் சுருங்கும் இழைகளும் இருக்கின்றன, மெதுவாகச் சுருங்கிக் களைப்பைத் தாங்கும் இழைகளும் இருக்கின்றன. 100 மீட்டர், தடை ஓட்டம், நீளம் தாண்டுதல் மூன்றுக்கும் முதல் வகைதான் மூலதனம். கோலூன்றித் தாண்டுதலில் ஓடிவரும் வேகம்தான் உயரமாக மாறுகிறது. ஆக, வேகத்தைக் கொஞ்சம் கூட்டினால் பல கட்டங்களில் ஒரே சமயத்தில் புள்ளி ஏறும். பத்துத் திறமைகள் என்று நாம் வியப்பதில் பாதி, ஒரே திறமையின் பல வேடங்கள்தான்.

1500 மீட்டர் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. குண்டை 14 மீட்டரிலிருந்து 15-க்குக் கொண்டுபோனால் 62 புள்ளி கூடும். 1500 மீட்டரை 4 நிமிடம் 40 விநாடியிலிருந்து 4:30-க்குக் குறைத்தால் 65. இரண்டும் ஏறத்தாழ ஒரே விலை. ஆனால் குண்டுக்காக ஏற்றிய தசையைக் கடைசிப் போட்டியில் மூன்றே முக்கால் சுற்றுச் சுமந்து ஓட வேண்டுமே! அதோடு, வலிமைப் பயிற்சியையும் நீண்ட தூரப் பயிற்சியையும் தீவிரமாகச் சேர்த்துச் செய்தால் முதலாவது அடிவாங்கும். 1980-இல் ராபர்ட் ஹிக்சன் வெளியிட்ட பத்து வார ஆய்வில், இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களின் வலிமை ஏழாவது வாரம் வரை ஏறிவிட்டு, கடைசி வாரங்களில் இறங்கியது. அதனால் டெகாத்லான் வீரர்கள் பலர் 1500 மீட்டருக்கு அளவோடுதான் நேரம் ஒதுக்குகிறார்கள். அது சோம்பல் அல்ல, சரியான கணக்கு என்பேன்.

சரி, இப்படி நாள் முழுக்கப் போட்டிக்குப் போட்டி தாவிக்கொண்டிருக்கும் டெகாத்லான் மாணவர் படிப்பிலும் எப்படி முன்னே நிற்கிறார்? உடற்பயிற்சி மூளையை வளர்க்கிறது என்பதுதான் வழக்கமாகக் கிடைக்கும் பதில். அதற்குச் சான்றாக அடிக்கடி காட்டப்படுவது 2011-இல் வந்த ஓர் ஆய்வு: ஓராண்டு நடைப்பயிற்சிக்குப் பிறகு, நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதானது. ஆனால் அதில் கலந்துகொண்ட 120 பேரும் 55 முதல் 80 வயது வரையிலானவர்கள். இருபது வயது மாணவருக்கு அதை அப்படியே பொருத்துவது அவசரம்.

எனக்கு இதைவிடச் சுவாரசியமாகப் படுவது பயிற்சியின் வடிவம். காலையில் தடை ஓட்டம், அப்புறம் வட்டு, மறுநாள் கோலூன்றித் தாண்டுதல், மறுபடி தடை ஓட்டம். ஒன்றையே நாள்கணக்கில் செய்ய இந்த விளையாட்டு விடுவதில்லை. இப்படிக் கலந்து செய்வதைப் பற்றி 1979-இல் ஷே, மார்கன் என்ற இருவர் ஒரு சோதனை நடத்தினார்கள். கையசைவுப் பணிகள் மூன்றை ஒரு குழு ஒவ்வொன்றாக முடித்தது. மற்றொரு குழு கலைத்துப்போட்டுச் செய்தது. பயிற்சியின்போது கலைத்துச் செய்தவர்கள் தடுமாறினார்கள். ஆனால் பத்து நாள் கழித்துச் சோதித்தபோது அவர்கள்தான் மேல்.

கணக்குப் பாடத்திலும் இதே கதைதான். 2007-இல் ரோரர், டெய்லர் இருவரும் கல்லூரி மாணவர்களுக்குக் கனஅளவு காணும் கணக்குகளைக் கொடுத்தார்கள். ஒரே வகைக் கணக்குகளைத் தொடர்ந்து போட்டவர்கள் பயிற்சியில் 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து போட்டவர்கள் 60. ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் முன்னவர்களுக்கு 20, பின்னவர்களுக்கு 63! எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்று ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்க வேண்டியிருப்பதுதான் காரணம். ஒரே பாடத்தை ராத்திரி முழுக்க உருப்போட அவகாசமில்லாத மாணவர், வேறு வழியின்றி நல்ல முறைக்கே வந்துசேர்கிறார்.

ஆனால் தேர்ந்தெடுப்பின் விளைவையும் மறக்கக் கூடாது. இரண்டிலும் தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் ஒன்றைக் கைவிட்டிருப்பார்கள். நம் கண்ணில் படுவது மிஞ்சியவர்கள்.

இரண்டு பக்கமும் வெட்டுப்படுவது தூக்கம்தான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ, போட்டிக் காலத்தில் பயிற்சிக்கு வாரம் 20 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆனால் ஒருவர் உண்மையில் எவ்வளவு தூங்குகிறார் என்பதை அப்படி விதி போட்டுக் கட்டுப்படுத்த முடியாது. அன்று கற்றது நினைவில் இறுகுவதும் தசை சீராவதும் பெரிதும் தூக்கத்தில்தான். ஸ்டான்ஃபோர்டில் கூடைப்பந்து வீரர்கள் 11 பேரைச் சில வாரங்கள் இரவில் பத்து மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். அவர்களின் குறு ஓட்ட நேரம் 16.2 விநாடியிலிருந்து 15.5 ஆனது, பந்தைக் கூடையில் போடும் துல்லியமும் 9 சதவீதம் கூடியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சின்ன ஆய்வு என்பதால் எண்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் பரீட்சைக்கு முந்தைய இரவு, கடைசி அத்தியாயமா தூக்கமா என்று கேட்டால், நான் தூக்கத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.