அப்சர்ட் ஓவியம்: பொருளற்றதா, இயைபற்றதா?

ஆங்கிலத்தில் 'அப்சர்ட்' என்று வரும் இடத்திலெல்லாம் 'பொருளற்ற', 'அர்த்தமற்ற' என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும் வழக்கம் நம் ஓவியக் கட்டுரைகளில் நிலைத்துவிட்டது. இப்போது, முன்னோடி ஒருவரின் பாணியை எடுத்துச் சிரிப்போடு வரைவதைப் 'பொருளற்ற ஓவியர்களுக்கு நகைச்சுவை அஞ்சலி' என்று எழுதும் அளவுக்கு வந்திருக்கிறோம். இந்தத் தொடரின் முதல் சொல்லும் தவறு, கடைசிச் சொல்லும் தவறு. முதல் சொல்லின் தவறு பெரியது.

மூலம் லத்தீனின் 'அப்சுர்துஸ்'. சுதி சேராதது, காதுக்கு ஒவ்வாதது என்பது அதன் பழைய பொருள். அங்கிருந்து 'அறிவுக்கு ஒவ்வாதது' என்று விரிந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. வேர்ச்சொல் ஆராய்ச்சி இவ்வளவு போதும். கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: சுதி சேராத பாட்டில் ஒலி இருக்கிறது, சொல் இருக்கிறது, பாடுகிறவர் இருக்கிறார். இல்லாதது சேர்மானம் மட்டுமே. அதை 'ஒலியற்ற பாட்டு' என்று யாரும் சொல்வதில்லை. ஓவியம் என்று வந்ததும் மட்டும் 'பொருளற்ற' என்று ஏன் எழுதுகிறோம்?

பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரித் 1938இல் வரைந்த ஒரு படம் சிக்காகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. சாப்பாட்டு அறையொன்றின் கணப்படுப்பு, அதன்மேல் பளிங்குத் திட்டு, திட்டின்மேல் ஒரு கடிகாரமும் மெழுகுவர்த்தி இல்லாத இரண்டு தாங்கிகளும், பின்னால் பெரிய கண்ணாடி. அடுப்பின் வாய்க்குள்ளிருந்து ஒரு நீராவி ரயில் எஞ்சின் அந்தரத்தில் பாய்ந்து வருகிறது. இதில் பொருள் இல்லாத பொருள் எது? கடிகாரம் கடிகாரமாகவே இருக்கிறது. எஞ்சினின் சக்கரங்களை எண்ணிவிடலாம், அவ்வளவு துல்லியம். ரயிலும் அடுப்பும் ஒரே இடத்தில் சேரக் கூடாது, சேர்ந்திருக்கின்றன என்பதுதான் விஷயம். கூர்ந்து பாருங்கள்: எஞ்சினின் புகை அறைக்குள் பரவவில்லை, அடுப்பின் புகைபோக்கிக்குள் மேலேறிப் போகிறது. கரியும் நெருப்பும் புகையும் இரண்டுக்கும் பொது. நாம் பழகிய இயைபை அறுத்த கையோடு இன்னொரு இயைபை எடுத்து நீட்டுகிறார் மாக்ரித். இதற்குப் 'பொருளற்ற ஓவியம்' என்று பெயர் வைத்தால், பார்க்க வருகிறவரிடம் 'இங்கே யோசிக்க ஒன்றுமில்லை, நகருங்கள்' என்று வாசலிலேயே சொல்லி அனுப்பியதாகும்.

'பொருளற்ற' என்பதை ஆதரிப்பவர்கள் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவைத் துணைக்கு அழைப்பார்கள். உலகுக்குப் பொருள் இல்லை என்று அவர் சொல்லவில்லையா என்பார்கள். பாறையை மலைமேல் ஓயாமல் உருட்டும் சிசிபஸ் பற்றிய கிரேக்கத் தொன்மத்தை முன்வைத்து 1942இல் அவர் எழுதிய நூலைப் படித்தவர்கள் இப்படிச் சொல்ல முடியாது. அபத்தம் மனிதனிடமும் இல்லை, உலகத்திடமும் இல்லை, இரண்டும் எதிரெதிரே நிற்கும் நிலையில்தான் பிறக்கிறது என்பது அவருடைய வாதம். மனிதன் விளக்கம் கேட்கிறான், உலகம் பேசாமல் இருக்கிறது. கேள்விக்கும் மௌனத்துக்கும் பொருந்தவில்லை. ஆகத் தத்துவத்திலும் இது உறவைப் பற்றிய சொல்தான், இன்மையைப் பற்றிய சொல் அல்ல. துணைக்கு அழைத்தவரே எதிர்ச்சாட்சி ஆகிவிடுகிறார்.

அப்படியானால் 'அபத்தம்' போதாதா? நாடகத்துக்கு அது நிலைபெற்றுவிட்டது. பெக்கெட், அயனெஸ்கோ என்றால் 'அபத்த நாடகம்' என்றுதான் சிற்றிதழ்க் காலத்திலிருந்து எழுதிவருகிறோம். அதை மாற்றச் சொல்ல மாட்டேன். வடமொழி 'அபத்த'த்தின் நேர்ப்பொருளும் 'கட்டப்படாதது', அதாவது ஒன்றோடொன்று பிணைக்கப்படாதது. மூலத்துக்கு அது 'பொருளற்ற'வை விட எவ்வளவோ நெருக்கம். ஆனால் தமிழில் அந்தச் சொல் வாழ்ந்த வாழ்க்கை வேறு. 'அபத்தமாப் பேசாதே' என்றால் தப்பாகப் பேசாதே என்று பொருள். பிழை மலிந்த புத்தகத்தை 'அபத்தக் களஞ்சியம்' என்கிறோம். 'அபத்த ஓவியர்' என்று எழுதினால் வரையத் தெரியாதவர் என்றே காதில் விழும்.

நம்மிடம் வேறு சொல் இருக்கிறது, தேடிப் போகவே வேண்டாம். உருவக அணியின் வகைகளில் அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் 'இயைபு உருவகம்', 'இயைபில் உருவகம்' என்று இரண்டைப் பிரிக்கிறது. உருவகிக்கும் பொருள்கள் தங்களுக்குள் பொருந்தி நின்றால் முன்னது, பொருந்தாமல் நின்றால் பின்னது. பொருந்தாமையைக் குறையாக எண்ணாமல் அணியாகவே எண்ணிப் பெயரிட்ட மரபு இது. 'இயைபில் ஓவியம்', கொள்கையைச் சொல்லும்போது 'இயைபின்மை': இதைவிடத் தெளிவான சொல் வேண்டுமா? இயைபு என்பது யாப்பில் ஒரு தொடையின் பெயராயிற்றே, குழம்பாதா என்று கேட்கலாம். ஓவியத்தைப் பற்றிய கட்டுரையில் எவரும் தொடையைத் தேட மாட்டார்கள்.

இவ்வகை ஓவியத்தின் முன்னோடிகளே தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரும் இதற்குச் சாட்சி. 1882இல் பாரிசில் ஜூல் லெவி என்பவர் வரையத் தெரியாதவர்களின் ஓவியங்கள் என்று சொல்லி ஒரு கண்காட்சி வைத்தார். அந்தக் குழுவின் பெயர் 'இன்கோயெராங்', ஒன்றோடொன்று ஒட்டாதவர்கள், அப்பட்டமாக இயைபிலிகள். அவர்களில் ஒருவரான சப்பெக், மோனலிசாவின் வாயில் புகைக்குழாயைச் செருகி வரைந்த படம் 1887இல் அச்சானது. பிரெஞ்சுக் கலைஞர் மர்செல் துஷான் மோனலிசா அஞ்சலட்டை ஒன்றில் மீசையும் குறுந்தாடியும் தீட்டியது 1919இல்.

இந்த வரிசை இன்றும் நீள்கிறது. மாக்ரித் 1948இல் பாரிசில் தன் முதல் தனிக் கண்காட்சிக்காகச் சில வாரங்களில் அடாவடியான நிறங்களில் ஒரு தொகுதி வரைந்துதள்ளினார். மூக்குக்குப் பதில் துப்பாக்கிக் குழல் நீட்டிய முகம், பல புகைக்குழாய்களோடு ஒரு கிழவர். அதற்கு 'வாஷ்' காலம் என்று பெயர். பிரெஞ்சில் வாஷ் என்றால் பசு. பாரிசு கொண்டாடிய 'ஃபோவ்' ஓவியர்களின் பெயருக்குக் காட்டுவிலங்கு என்று பொருள், அதற்குப் பதிலடியாக வீட்டு மாடு. பாரிசுக்கு அது பிடிக்கவில்லை. மாக்ரித்தும் பழைய பாணிக்குத் திரும்பிவிட்டார். பல பத்தாண்டுகள் கழித்து, நியூயார்க் ஓவியர் ஷான் லாண்டர்ஸ் அந்தத் தொகுதியிலிருந்து ஸ்காட்லாந்துக் கட்டம்போட்ட துணியை எடுத்து மான், கரடி, திமிங்கிலம் ஆகியவற்றுக்குத் தோலாகப் போர்த்தினார். முடியும் தசையும் அசல் விலங்கு போலவே இருக்கும், நிறம் மட்டும் கட்டம் கட்டமாக ஓடும். பார்த்தவுடன் சிரிப்பு வரும். சிரிப்பு மாக்ரித்தைப் பார்த்து அல்ல, மாக்ரித்தோடு சேர்ந்து.

இதைத்தான் 'அஞ்சலி' என்கிறார்கள். நம்மூரில் அஞ்சலி சுவரொட்டியில் கறுப்புக் கட்டத்துக்குள் வரும் சொல். 'பகடி' என்றாலும் சரிவராது, பகடியில் இலக்காகிறவர் அடிபட வேண்டும். 'நகல்' என்பது அவமதிப்பு. நன்னூல் வழிநூலுக்குச் சொல்லும் இலக்கணத்தைப் பாருங்கள்: முன்னோர் முடிபோடு ஒத்து, 'பின்னோன் வேண்டும் விகற்பம்' கூறி, மரபு அழியாமல் நிற்பது. லாண்டர்ஸ் செய்திருப்பது எழுத்துக்கு எழுத்து இதுவே. 'வழியோவியம்' என்று சொல்லுவோம். 'இயைபில் ஓவிய முன்னோடிக்கு ஒரு நகைச்சுவை வழியோவியம்' என்றால் முழுச் செய்தியும் வந்துவிடுகிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குள்ள பெரிய குறை, ஆங்கிலத்தைத் தாண்டி ஓர் அடி கூட வைப்பதில்லை என்பது. மேலே சொன்ன ரயில் ஓவியத்தின் ஆங்கிலத் தலைப்பிலிருந்து தமிழுக்கு வந்தால் 'உறைந்த காலம்' போல ஏதோ ஒன்றுதான் கிடைக்கும். பிரெஞ்சுத் தலைப்பில் உறைவது எதுவும் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் காலம் கத்தியால் குத்தப்பட்டது என்கிறது அது. அந்த ஆங்கிலப் பெயர்ப்பு மாக்ரித்துக்கே பிடிக்கவில்லை. படத்தை வாங்கிய எட்வர்ட் ஜேம்ஸ் அதைத் தன் வீட்டு மாடிப்படியின் அடியில் மாட்டுவார், ஏறிப் போகிற விருந்தாளிகளை ரயில் குத்தும் என்று எதிர்பார்த்திருந்தார் மாக்ரித். ஜேம்ஸ் கணப்படுப்புக்கு மேலேயே மாட்டிவிட்டார்.